அறைநண்பனின் கை நடுங்குகிறது

கேள்வி: நான் மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவன். என் அறைநண்பன் முதல் வருடம் தேர்வு முடிந்த அன்று மட்டும் குடிப்பான். இப்போது தினமும். இரவு முழுக்கப் படிக்க ஒரு மாத்திரை, பிறகு தூங்க இன்னொன்று. காலையில் வார்டுக்குக் கிளம்பும்போது கை நடுங்குகிறது. கேட்டால், "எனக்குத் தெரியாத பார்மகாலஜியா?" என்று மருந்தியல் பாடத்தைச் சொல்லி மடக்குகிறான். வெளியே சொன்னால் அவன் படிப்பே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது டாக்டர். - பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு உறைத்தது அந்தக் கை நடுக்கம்தான். அவன் உடம்பு மதுவுக்குப் பழகிப்போயிருக்கலாம். அதனால், பாட்டிலைப் பிடுங்கிவிட்டு அறையில் வைத்து நீங்களே குடியை நிறுத்தப் பார்க்காதீர்கள். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பமும், இல்லாத உருவங்கள் தெரிவதும் தொடங்கலாம். உயிருக்கே ஆபத்து. மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

நான் படித்தபோது பக்கத்து அறையில் ஒருவன் இருந்தான். பார்மகாலஜியில் எங்கள் வகுப்பிலேயே அவன்தான் முதல். தூக்கம் வரவில்லை என்று குடிக்கத் தொடங்கினான். குடித்தால் சீக்கிரம் தூங்கிவிடலாம், சரி. ஆனால் பின்னிரவுத் தூக்கம் கெட்டு, படித்தது மனதில் நிற்காது. அப்புறம் அதை ஈடுகட்ட மாத்திரை. நாங்கள் அவனுக்காக வருகைப் பதிவில் குரல் கொடுத்தோம், வாந்தியைத் துடைத்தோம், யாரிடமும் மூச்சுவிடவில்லை. இரண்டு வருடம் இப்படியே காபந்து செய்தோம். ஒருநாள் விடிகாலையில் வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டான். முதல் மாதமே சொல்லியிருக்கலாமே என்று இன்றும் மனது அடித்துக்கொள்கிறது.

"தெரியாத பார்மகாலஜியா" என்கிறானே, அவனிடம் வில்லியம் ஹால்ஸ்டெட்டைப் பற்றிச் சொல்லுங்கள். அறுவை அரங்கில் ரப்பர் கையுறையைப் புகுத்திய பெரிய அறுவை நிபுணர். 1884-ல் கோகெய்ன் மரத்துப்போகச் செய்யும் என்று தெரிந்ததும் தன் உடம்பிலேயே ஊசி போட்டுச் சோதித்து அதற்கு அடிமையானார். அதிலிருந்து மீட்க மார்பின் கொடுத்தார்கள். அதையும் அவரால் விட முடியவில்லை.

குடி பிரச்சினையாகிவிட்டதா என்று அறிய வார்டில் நோயாளியிடம் கேட்கக் கற்றுத்தரும் 'கேஜ்' கேள்விகள் நான்கும் அவனுக்குத் தெரிந்திருக்கும். குறைக்க நினைத்தாயா, யாராவது குறை சொன்னால் எரிச்சல் வருகிறதா, குற்ற உணர்வு இருக்கிறதா, காலையில் எழுந்ததும் குடிக்கத் தோன்றுகிறதா? போதையில் இல்லாத நேரமாகப் பார்த்து அவனையே கேளுங்கள். இரண்டுக்கு 'ஆம்' வந்தாலே பார்க்க வேண்டிய விஷயம். உங்கள் மருத்துவமனையில் கூச்சமாக இருந்தால் வேறு இடத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கூடவே நீங்களும் போய் உட்காருங்கள். வர மறுத்து, குடித்துவிட்டு நோயாளிகளிடம் போகிறான் என்றால், நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். அது காட்டிக்கொடுப்பது ஆகாது.

தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகலாம். ஓர் இரவு எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.