ஃபீஸ் பாக்கி என்று சொல்லி வக்கீல் கேஸ் கட்டைத் தர மறுக்கலாமா?

மறுக்கக் கூடாது. ஃபீஸ் பாக்கி தனிக் கணக்கு, பத்திரம் உங்களுடையது.

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. பாதைத் தகராறு ஊட்டி கோர்ட்டில் ஏழு வருஷம் இழுத்ததில் அப்பா வக்கீலை மாற்ற நினைத்தார். பழைய வக்கீலோ, பாக்கியை வைத்தால்தான் கட்டு என்று சொல்லிவிட்டார். மேஜை மேலேயே இருந்தது அது, சணல் கயிறு கட்டி, தாத்தா வாங்கிய மூலப் பத்திரத்தின் மஞ்சள் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டு. அப்பா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பசுந்தேயிலைப் பணம் வந்ததும் எப்படியாவது கட்டிவிடலாம் என்றுதான் அவருக்குத் தோன்றியது, அவ்வளவு பயம்.

அப்புறம்தான் 2000-ல் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பைப் பற்றித் தெரிந்துகொண்டோம். மத்தியப் பிரதேசத்தில் ஒரு கூட்டுறவு வங்கியின் வக்கீல், 97,100 ரூபாய் வரவேண்டும் என்று கட்டுகளைப் பிடித்து வைத்துக்கொண்டார். வக்கீல்களின் ஒழுங்கைக் கவனிக்கும் அமைப்பான இந்திய பார் கவுன்சில் அவரை 18 மாதம் தொழில் செய்யக் கூடாது என்றது. சுப்ரீம் கோர்ட் தண்டனையை வெறும் கண்டனமாகக் குறைத்தாலும், அவர் செய்தது தொழில் ஒழுங்கீனம்தான் என்பதை மாற்றவில்லை. ஃபீஸ் வேண்டுமானால் வக்கீல் தனியாக வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும், கட்டு அடமானப் பொருள் இல்லை.

இதைக் குறிப்பிட்டு, எங்களுக்கு வரவேண்டிய தாள்களை ஒவ்வொன்றாக எழுதி, பாக்கியைப் பேசித் தீர்த்துக்கொள்ளத் தயார் என்றும் சேர்த்து தபாலில் ஒரு கடிதம் அனுப்பினோம். பத்து நாளில் கூப்பிட்டார். நியாயமான பாக்கியை அப்பா கொடுத்துவிட்டார். நீங்களும் அதை ஏமாற்றாதீர்கள், ஏழு வருஷம் அவரும் கோர்ட் ஏறியிருக்கிறார்.

கடிதத்துக்கு மசியவில்லை என்றால், வழக்கறிஞர்கள் சட்டம் 1961, பிரிவு 35-ன் கீழ் சென்னையில் உள்ள தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். ஒரு வருஷத்துக்குள் முடிக்காவிட்டால் புகார் டெல்லிக்கு, இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகச் சொல்கிறவர்களை நம்பி அலையாதீர்கள், வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதமே தீர்ப்பு வந்துவிட்டது.

இன்னொன்று, கட்டு கைக்கு வந்ததும் உடனே ரசீதில் கையெழுத்துப் போடாதீர்கள். நாங்கள் அங்கேயே உட்கார்ந்து எண்ணியதில் சர்வேயர் வரைபடம் ஒன்று குறைந்தது, கேட்டதும் குமாஸ்தா அலமாரியில் இருந்து எடுத்துக் கொடுத்தார்.