ஏற்றத்தில் இன்ஜின் இரைகிறது, வண்டி ஏறவில்லை: கிளட்ச் பிளேட்டை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். 150 சிசி பைக், 41,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வாரத்தில் 3 நாள் காய்கறி மூட்டையோடு மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுகிறேன். கொஞ்ச நாளாக ஏற்றத்தில் மூன்றாம் கியரில் முறுக்கினால் இன்ஜின் சத்தம்தான் கூடுகிறது, வேகம் கூடவில்லை. கருகல் வாடையும் வருகிறது. கிளட்ச் பிளேட் போய்விட்டது என்கிறார்கள். நானே மாற்ற முடியுமா? என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆனால் பிளேட்டை மட்டும் மாற்றினால், அது தேய்ந்ததற்கான காரணம் உள்ளேயே இருந்துவிடும். சீக்கிரமே மறுபடி இதே கேள்வி வரும்.

முதலில் கோளாறு கிளட்சில்தானா என்று பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கி.மீ. தூரத்தில் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள். மேலே போகப்போகக் காற்றின் அடர்த்தி குறைவதால் எந்த இன்ஜினும் கொஞ்சம் சோரும். அப்போது சத்தமும் வேகமும் சேர்ந்தே இறங்கும். சத்தம் எகிறி வேகம் மட்டும் நிற்கிறது என்றால் அது கிளட்ச் வழுக்கல்தான். உங்கள் வர்ணனை இரண்டாவதோடு பொருந்துகிறது.

அடுத்தது கிளட்ச் லீவர். அதன் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை ‘ப்ளே’, அதாவது கிளட்ச் இழுபடும் முன் லீவர் சும்மா ஆடும் தூரம், இருக்க வேண்டும். பிளேட் தேயத் தேய இந்த ப்ளே தானாகக் குறைந்துகொண்டே வரும். ப்ளேயே இல்லையென்றால், கையை எடுத்த பிறகும் கேபிள் கிளட்சைக் கொஞ்சம் இழுத்தபடியே இருக்கும். முதலில் அதைச் சரிசெய்து ஒரு முறை ஏறிப் பாருங்கள். அப்படியே வழுக்கல் நின்றாலும், கருகல் வாடை வந்துவிட்டதால் பிளேட்டைத் திறந்து பார்ப்பதே நல்லது. ஆயிலையும் விசாரியுங்கள். கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கலாம்; ஆயிலில் மூழ்கி ஓடும் பைக் கிளட்சை அது வழுக்க வைக்கும். டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ (ஜப்பானியத் தரக் குறியீடு) என்று இருக்க வேண்டும்.

வாங்க வேண்டியவை: ஃப்ரிக்‌ஷன் பிளேட் (உராயும் பூச்சுள்ளது) ஒரு செட், ஸ்டீல் பிளேட் ஒரு செட், கிளட்ச் ஸ்பிரிங் முழு செட், வலது பக்கக் கவர் கேஸ்கெட், டிரெய்ன் போல்ட் வாஷர், கையேடு சொல்லும் கிரேடு ஆயில். கேபிள் இழை பிரிந்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீல் பிளேட்டும் ஸ்பிரிங்கும் எதற்கு என்று கடையில் கேட்பார்கள். சூடேறி நெளிந்த ஸ்டீல் பிளேட்டோடும் தளர்ந்த ஸ்பிரிங்கோடும் புதுப் பிளேட்டைப் போட்டால், மூட்டையோடு ஏறும் முதல் வாரமே வழுக்கத் தொடங்கலாம்.

கடையில் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஸ்பிரிங் போல்ட்டைக் கழற்றினாலே பிளேட் வந்துவிடுமா, கிளட்சின் நடுவில் இருக்கும் சென்டர் நட்டையும் கழற்ற வேண்டுமா? பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் வெளிப்பக்கம் இருக்கும் வண்டிகளில் போல்ட் போதும். அது உள்பக்கம் இருக்கும் வண்டிகளில், பல 100, 150 சிசி வண்டிகள் இப்படித்தான், சென்டர் நட் வந்தால்தான் பிளேட் வரும். அந்த நட்டின் வெட்டுகளில் உட்காரும் பல் சாக்கெட் கட்டாயம் வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டினால் நட் சிதைந்து, இரும்புத் துகள் ஆயிலில் விழும். சாக்கெட் கிடைக்கவில்லையென்றால் இந்த வேலையை ஒர்க்‌ஷாப்புக்கு விட்டுவிடுங்கள்.

புதுப் பிளேட்டுகளை முதல் நாள் இரவே, வண்டியில் ஊற்றப்போகும் அதே ஆயிலில் ஊறப் போடுங்கள். அவசரமென்றால் அரை மணி நேரமாவது ஊறட்டும். உலர்ந்த பிளேட்டோடு கிளப்பினால் முதல் ஏற்றத்திலேயே மேற்பரப்பு கருகிவிடும்.

மலையில் சமதளமான இடம் கிடைப்பதே அரிது. முற்றம் சரிவாக இருந்தால் சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்துங்கள். நியூட்ரலில் 3 நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் சற்று இளகியதும் வடித்துவிடுங்கள். வடிந்ததும் வண்டியை இடது பக்கம் சைடு ஸ்டாண்டில் சாய்த்தால், கவரைத் திறக்கும்போது மிச்சம் தரையில் கொட்டாது. கேபிளை முழுவதும் தளர்த்தி, கிக்கரையும் வழியில் நிற்கும் ஃபுட்ரெஸ்டையும் கழற்றுங்கள்.

கவர் போல்ட்டுகள் பெரும்பாலும் 8 எம்எம் டி ஸ்பேனருக்கு வரும். அவை ஒரே நீளத்தில் இருக்காது. ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். நீளமான போல்ட்டைக் குட்டையான ஓட்டையில் முறுக்கினால் அலுமினிய மரை கிழிந்துவிடும். கிளட்ச் வேலையில் அதிகம் கெடுவது இந்த மரைதான். கவர் ஒட்டிக்கொண்டிருந்தால் மரச் சுத்தியலால் ஓரங்களில் தட்டுங்கள். இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் விழும் கீறலில் ஆயில் கசியும். உள்ளே கவரை இடம் பார்த்து உட்காரவைக்கும் சிறு குழாய்கள், அதாவது டவல் பின், இரண்டும் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று வீதம் தளர்த்துங்கள். ஒன்றை மட்டும் முழுவதும் எடுத்தால் பிளேட் கோணலாகி, போல்ட் நிற்கும் தூண் உடையும். சென்டர் நட் இருந்தால், வண்டியை டாப் கியரில் போட்டு, உதவிக்கு ஒருவர் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, பல் சாக்கெட்டால் தளர்த்தலாம். லாக் வாஷர் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கவனியுங்கள். பிளேட்டுகள் வரும் வரிசையைப் போனில் படம் எடுத்துக்கொண்டே போங்கள். சில வண்டிகளில் கடைசி ஃப்ரிக்‌ஷன் பிளேட்டின் அளவு வேறு. மாறிப்போனால் கிளட்ச் அதிரும்.

பழைய பிளேட்டை வெர்னியரால் நான்கு இடத்தில் அளந்து, கையேட்டில் உள்ள எல்லையோடு ஒப்பிடுங்கள். புதிதுக்கும் தூக்கி எறிய வேண்டியதற்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது என்று எடுத்து வைத்துவிடாதீர்கள். ஸ்டீல் பிளேட்டில் நீல நிறம் படர்ந்திருந்தால் அது கடுமையாகச் சூடேறியிருக்கிறது. கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, 0.2 மி.மீ. பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இடையில் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் அது நெளிந்துவிட்டது.

இப்போது விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து, பிளேட்டின் காதுகள் நகரும் ஹவுசிங் (பிளேட்டுகள் அடுக்கியிருக்கும் கிண்ணம்) பள்ளங்களை விரல் நகத்தால் தடவுங்கள். பல ஆண்டு இடிபட்ட இடத்தில் படி போலக் குழி விழுந்திருக்கும். நகம் அதில் தடுக்கி நின்றால், பிளேட்டின் காதும் அங்கேதான் தடுக்கும். லீவரை விடும்போது வண்டி துள்ளிக் கிளம்புவது இதனால்தான். லேசான குழியை மெல்லிய அரத்தால் சமப்படுத்தலாம். ஆழமானதென்றால் ஹவுசிங்கையே மாற்ற வேண்டும். அரைத்து அகலமாக்கினால் காது ஆடும்.

மாட்டும்போது பழைய கேஸ்கெட்டைப் பிளேடால் படுக்கவைத்துச் சுரண்டி, துகள் உள்ளே போகாமல் துணியால் ஒற்றி எடுங்கள். ஃப்ரிக்‌ஷன், ஸ்டீல் என மாற்றி மாற்றி அடுக்கி, ஸ்பிரிங் போல்ட்டைக் குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள். பொதுவாக 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் குட்டையான டி ஸ்பேனரின் கழுத்தைப் பிடித்து இறுக்குங்கள். நீளமான கைப்பிடி இந்தச் சின்ன போல்ட்டை ஒடித்துவிடும். சென்டர் நட்டுக்குக் கையேட்டில் உள்ள அளவேதான். கேபிள் இழுக்கும் ரிலீஸ் ஆர்ம் கவரில் இல்லாமல் இன்ஜினிலேயே இருக்கும் வண்டியென்றால், கவரை மூடும் முன் அதைக் கையால் இழுத்து, பிரஷர் பிளேட் எல்லாப் பக்கமும் ஒரே சீராக நகர்கிறதா என்று பாருங்கள். மூடிய பிறகு தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து.

இன்ஜினில் பொறித்திருக்கும் அளவுக்கு ஆயில் ஊற்றி, லீவர் ப்ளேயைச் சரிசெய்து, 3 நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஆயில் மட்டத்தை மறுபடி பாருங்கள். முதல் 300 கி.மீ. வரை மூட்டை வேண்டாம். பிளேட்டுகள் படிந்ததும் ப்ளே மாறியிருக்கும். ஒரு முறை திருத்துங்கள்.

இனி தேய்ந்த காரணம். உங்கள் பாதையில் அது ஹாஃப் கிளட்ச்தான் என்று படுகிறது. கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைந்த பிறகு கியரை மாற்றாமல், லீவரைப் பாதி பிடித்து இழுத்துப் போகும்போது அத்தனை பாரமும் சூடாகப் பிளேட்டில் இறங்குகிறது. வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கோ முதல் கியருக்கோ இறக்கி, லீவரை முழுதாக விட்டுவிடுங்கள். சீசனில் வாகனங்கள் வரிசையில் நிற்கும்போது கிளட்சில் தாங்கிப் பிடிக்காமல் நியூட்ரலில் போட்டு பிரேக்கில் நில்லுங்கள்.

டிசம்பர், ஜனவரி பனிக்காலக் காலையில் முதல் கியர் போட்டதும் வண்டி குதித்தால் பயப்பட வேண்டாம். குளிரில் ஆயில் கெட்டியாகிப் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஸ்டார்ட் செய்யும் முன் கியரில் போட்டு, லீவரை முழுதாகப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் நாலு முறை தள்ளினால் பிரிந்துவிடும்.

வடித்த ஆயிலைக் கேனில் ஊற்றி மூடி, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். தேயிலைத் தோட்ட ஓரத்திலோ ஓடையிலோ ஊற்றிவிடாதீர்கள். உங்கள் வீட்டுக்குக் கீழே இருப்பவர் குடிக்கும் ஊற்று அது.