அறுவை சிகிச்சை ஆய்வில் அப்பாவைச் சேர்க்கலாமா?

கேள்வி: என் தந்தைக்கு 61 வயது, விவசாயி. வலது தொடை இடுக்கில் குடலிறக்கம் (ஹெர்னியா) இருப்பதால் அறுவை சிகிச்சை செய்து, தளர்ந்த வயிற்றுச் சுவரைத் தாங்கும் வலை பொருத்த வேண்டும் என்று மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். வழக்கமான வலையையும் எடை குறைந்த வலையையும் ஒப்பிடும் ஆய்வு ஒன்று நடப்பதாகவும், யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்யும் என்றும் கூறி ஒரு படிவம் கொடுத்தார்கள். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் கையெழுத்துப் போடலாமா? அவரைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. பிசான நடவுக்குள் அவர் வயலுக்குத் திரும்பவும் வேண்டும்.
– வாசகர், சேரன்மகாதேவி

பதில்: தாங்கள் கையெழுத்துப் போடக் கூடாது. தந்தையார் தெளிந்த அறிவோடு இருக்கும்வரை சம்மதம் சொல்லவும் மறுக்கவும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு. படிக்கத் தெரியாதவருக்குப் படிவத்தை முழுவதுமாகத் தமிழில் வாசித்து விளக்க வேண்டும். ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் தொடக்கம் முதல் உடனிருக்க வேண்டும். அதன் பிறகே அவர் பெருவிரல் ரேகை வைக்கலாம். பெரியவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, மகன் உள்ளே போய்க் கையெழுத்திட்டு வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அன்பினால் செய்வதுதான் என்றாலும் அது முறையன்று.

குலுக்கல் என்ற சொல்தான் தங்களை அச்சுறுத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டு வலைகளில் எது மேல் என்பது உறுதியாகத் தெரிந்திருந்தால், குலுக்கிப் போடுவதற்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. தெரியாத நிலையில் மருத்துவரே தேர்ந்தெடுத்தால், திடகாத்திரமானவர்களுக்கு ஒன்றும் மெலிந்தவர்களுக்கு மற்றொன்றும் என்று அவரையும் அறியாமல் பிரித்துவிடக்கூடும். பிறகு வலி குறைந்தது வலையாலா, ஆளின் உடல்வாகாலா என்று சொல்ல முடியாமல் போகும்.

இப்படிச் செய்த ஆய்வுகளால்தான் அறுவை சிகிச்சை மேம்பட்டு வந்திருக்கிறது. உகாண்டாவில் குடலிறக்கம் உள்ள 302 ஆண்களுக்குக் குலுக்கல் முறையில் விலையுயர்ந்த வலையோ, கொசுவலைத் துணியால் ஆன மலிவான வலையோ பொருத்தி ஓராண்டு கவனித்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி, குடலிறக்கம் திரும்ப வந்ததிலும் சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட தொல்லைகளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. (வீட்டுக் கட்டிலில் தொங்கும் வலையை நினைத்துக்கொள்ள வேண்டாம், முறைப்படி கிருமி நீக்கப்பட்டது அது.) வயிற்று அறுவையில் தோலை மூடுவதற்கு முன் கையுறைகளையும் கருவிகளையும் மாற்றினால் என்ன ஆகும் என்று இந்தியா உள்ளிட்ட 7 நாடுகளின் 81 மருத்துவமனைகளில், 13,301 நோயாளிகளிடம் ஆராய்ந்த மற்றொரு ஆய்வு 2022இல் வெளிவந்தது, புண்ணில் சீழ் பிடிப்பது 18.9 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைந்தது. புது மருந்து எதுவுமில்லை, ஒரு ஜோடி கையுறைதான். ஆனால் அத்தனை நோயாளிகள் சம்மதித்திருக்காவிட்டால் அதை நாம் ஊகமாகவே பேசிக்கொண்டிருப்போம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆய்வு என்பது இனி வரப்போகும் நோயாளிகளுக்காக நடத்தப்படுவது. தங்கள் தந்தையாருக்கு அதனால் தனிப்பட்ட நன்மை கிடைத்தே தீரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மறுத்தாலும், சம்மதித்துவிட்டு நடுவில் விலகினாலும், அவருக்குரிய வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. ஆய்வினால் பாதிப்பு ஏற்பட்டால் அதற்கான சிகிச்சைச் செலவை யார் ஏற்பார்கள் என்பது படிவத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் தயங்காமல் கேளுங்கள்.

1965இல் தொடங்கப்பட்ட நமது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி உட்பட, பட்ட மேற்படிப்பு நடக்கும் இடங்களில் ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். தங்களிடம் படிவம் கொடுத்தவர் அப்படிப்பட்ட இளம் மருத்துவராக இருக்கலாம். அதில் தவறில்லை, வழிகாட்டும் பேராசிரியர் யார், அறுவை சிகிச்சை செய்யப்போவது யார் என்று கேட்பது தங்கள் உரிமை. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் கேளுங்கள். அக்குழுவில் மருத்துவர்கள் மட்டுமல்லாமல் சட்டம் அறிந்தவரும் பொதுமக்களில் ஒருவரும் இடம்பெற்றிருப்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007 முதல் நடத்திவரும், மருத்துவ ஆய்வுகளுக்கான சிடிஆர்ஐ பதிவேட்டில் ஆய்வு பதிவாகியுள்ளதா என்பதைத் தங்கள் கைபேசியிலேயே கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். நான் கேட்டறிந்தவரை, வழக்கத்தில் உள்ள இரண்டு வலைகளை ஒப்பிடும் ஆய்வு அஞ்சத்தக்கதன்று. என் தந்தையாக இருந்தால் சேரச் சொல்வேன், முடிவை அவரிடமே விட்டுவிட்டு.

நடவைப் பொறுத்தவரை, எந்த வலையானாலும் சில நாட்களில் நடமாடலாம். ஆனால் நெல் மூட்டை, உர மூட்டை தூக்குவதை ஏறத்தாழ 6 வாரம் தள்ளிப்போட வேண்டும். வரப்பில் நின்று மேற்பார்வை பார்க்கத் தடையில்லை. மண்வெட்டியைக் கையில் எடுக்காமல் அவர் நிற்பாரா என்பது தங்களுக்குத்தான் தெரியும்.

இதற்கிடையில், படுத்தால் உள்ளே போகும் வீக்கம் போகாமல் கெட்டியாகி வலித்தாலோ, வாந்தி வந்தாலோ, ஆய்வுக்குக் குறித்த தேதியை எண்ணிக் காத்திராமல் அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.