பழைய ஆம்ப்ளிஃபயர்: சேலத்துக் கேள்வி, ஏற்காட்டுக் கேள்வி

இந்த வாரம் வந்த கேள்விகளில் முக்கால்வாசி "எது பெஸ்ட்?" ரகம். பழைய ஆம்ப்ளிஃபயரின் ஸ்பெக் ஷீட்டில் (கம்பெனி அச்சடிச்ச விவரத் தாள்) இருப்பது 1970களில் பெட்டி பிரித்த அன்றைக்கு அந்த செட்டு கொடுத்த கணக்கு. உங்க மேசையில் உட்கார்ந்திருப்பது அம்பது வயசு ஆசாமி. இதை மனசில் வெச்சுக்கிட்டுப் படிங்க. யார் கேட்டாங்கன்னு போடலை, ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

சூரமங்கலம்: அண்ணா, மராண்ட்ஸ் 2270, சான்சுய் ஏயு-717 ரெண்டும் ஒரே விலைக்கு வருது. முதலாவது 70 வாட், 0.3 சதவீத டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு). ரெண்டாவது 85 வாட், 0.025 சதவீதம். கண்ணை மூடிட்டு சான்சுய் எடுத்துடலாமா?

கண்ணைத் திறந்துக்கிட்டே எடுங்க தம்பி. 70 வாட்டுக்கும் 85 வாட்டுக்கும் நடுவில் இருப்பது 0.8 டெசிபல். வால்யூம் குமிழை நகத்தால் தள்ளின வித்தியாசம். வாட் ரெட்டிப்பானால் 3 டெசிபல்தான் ஏறும். சத்தமே ரெண்டு மடங்கு ஆச்சுன்னு காது சொல்ல 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேணும்.

டிஸ்டார்ஷன் எண்ணும் அப்படித்தான். 0.3 என்பது முழு பவரில் தாண்டக் கூடாத வரம்பு. வீட்டில் ஓடுறது ஒண்ணு ரெண்டு வாட்டுக்குள்ள. அடி பாஸில் ஸ்பீக்கரே இதைவிடப் பல மடங்கு டிஸ்டார்ஷன் சேர்க்கும். 70களின் பின்பாதியில் தசமப் புள்ளிக்குப் பின்னாடி பூஜ்யம் சேர்க்க ஜப்பான்காரங்களுக்குள்ள பெரிய போட்டி. ஃபீட்பேக்கை (வெளியே போற சிக்னலில் கொஞ்சத்தை உள்ளே திருப்பித் தப்பைத் திருத்தும் முறை) ஏத்தினா அந்த எண் இறங்கிடும். வேகமா ஏறி இறங்குற சிக்னலில் அதே ஃபீட்பேக் வேற கோளாறு பண்ணும்னு பின்லாந்தின் மாட்டி ஒட்டாலா 1970லேயே எழுதினார். அதுக்கப்புறம்தான் ஸ்லூ ரேட் (வோல்ட்டேஜ் எவ்வளவு வேகமா ஏறி இறங்க முடியும்) என்ற வரி விளம்பரத்தில் இடம் பிடிச்சது.

இந்த ரெண்டுக்கும் நிஜமான வித்தியாசம் வேற. 2270 ரேடியோ சேர்ந்த ரிசீவர், 717 வெறும் ஆம்ப். அமெரிக்காவுக்குன்னு செஞ்ச ரிசீவரில் எஃப்எம் டீ-எம்ஃபசிஸ் (ஒலிபரப்பில் தூக்கி அனுப்பும் கீச்சு ஒலியை ரேடியோ திரும்ப இறக்குற அளவு) 75 மைக்ரோ செகண்ட், நம்ம ஊர் ஒலிபரப்புக்கு 50. அதனால் 10 கிலோ ஹெர்ட்ஸில் 3 டெசிபல் மங்கிக் கேட்கும். ரேடியோ மந்தமா இருக்குன்னு டியூனரைக் குடையாதீங்க, டீ-எம்ஃபசிஸ் கண்டென்சரை மூணில் ரெண்டு பங்கு மதிப்புக்கு மாத்தினா சரியாயிடும். மத்தபடி, ரெண்டில் எதை யாரும் நோண்டாம வெச்சிருக்காங்களோ அதை வாங்குங்க.

கொண்டலாம்பட்டி: உள்ளூர் அசெம்பிள் செட்டில் 2000 வாட்னு ஸ்டிக்கர் இருக்கு. பழைய பயனியர் எஸ்எக்ஸ்-1250ல் 160தான். எப்படிங்க ஒப்பிடுறது?

ஒப்பிடவே முடியாது. அமெரிக்காவில் 1974இல் ஒரு விதி வந்தது. மூணில் ஒரு பங்கு பவரில் ஒரு மணி நேரம் சூடேத்தி, ரெண்டு சேனலையும் ஒண்ணா ஓட்டி, எத்தனை ஓமில், எந்த அலைவரிசைக்குள், எவ்வளவு டிஸ்டார்ஷனில்னு சேர்த்துச் சொன்னால்தான் வாட் எண்ணை அச்சடிக்கலாம்னு இருந்தது. மூணில் ஒரு பங்கு ஏன்னா, ஏபி கிளாஸ் ஆம்ப் (பெரும்பாலான பழைய வீட்டு செட்டு இந்த வகை) அதிகமா வேகுறது ஏறக்குறைய அந்த இடத்தில்தான். 1250இன் 160 வாட் அந்த விதிப்படி வந்த எண்: 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், 0.1 சதவீதம். ஸ்டிக்கரில் இருக்கிற 2000 பிஎம்பிஓ (கண நேரத்துக்கு வரும்னு சொல்லிக்கிற உச்ச வாட்). அதுக்கு அளவுகோலே கிடையாது.

ஸ்டிக்கரை விட்டுட்டு டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்க. 12-0-12, 2 ஆம்பியர்னா 24ஐ 2ஆல் பெருக்கி 48 விஏ (வோல்ட்-ஆம்பியர்). அதிலிருந்து விடாம ஓட்டினா ரெண்டு சேனலும் சேர்த்து 25, 30 வாட் வந்தாலே பெரிசு.

அம்மாப்பேட்டை: பரணில் பதினஞ்சு வருஷம் கிடந்த ரிசீவர். நேரா பிளக்கில் செருகலாமா?

கூடாதுங்க. முதலில் சீரிஸ் லேம்ப் கட்டுங்க: ஃபேஸ் வயரில் ஒரு ஹோல்டர், அதில் குண்டு பல்பு. சின்ன செட்டுக்கு 60 வாட், பெருசுக்கு 100. எல்இடி, சிஎஃப்எல் வேலைக்கு ஆகாது. ஸ்பீக்கரைக் கழட்டிடுங்க, வால்யூம் பூஜ்யத்தில் இருக்கட்டும். சுவிட்ச் போட்டதும் பல்பு பளிச்னு எரிஞ்சு, ரெண்டு மூணு செகண்டில் சிவப்பு இழையா இறங்கினா ஃபில்டர் கண்டென்சர் (பவர் சப்ளையில் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் பெரிய டப்பா) சார்ஜ் ஏறிடுச்சு, நல்ல அறிகுறி. இறங்காம எரிஞ்சுக்கிட்டே இருந்தா உள்ளே ஷார்ட். பெரும்பாலும் அவுட்புட் டிரான்சிஸ்டர், இல்லைன்னா பிரிட்ஜ் (ஏசியை டிசி ஆக்கும் டயோடு தொகுப்பு). அங்கேயே நிறுத்திடுங்க.

தேறினா பல்பை எடுத்துட்டு நேர் கரண்டில் போட்டு, மூணு முதல் அஞ்சு செகண்டில் ரிலே (ஸ்பீக்கரை இணைக்கிற தானியங்கி சுவிட்ச்) "டக்"னு சொல்லுதான்னு கேளுங்க. அப்புறம் ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டர், டிசி மில்லிவோல்ட். 50க்குள்ள இருந்தா நிம்மதி. 100ஐத் தாண்டினா ஸ்பீக்கர் மாட்டாதீங்க. ரிலே ஒட்டவே இல்லைன்னா பாதி நேரம் காரணம் இதே டிசிதான், ரிலேயைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்தது பயாஸ், அதாவது சிக்னல் இல்லாதப்பவும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடுற கரண்ட். பத்து, பதினஞ்சு நிமிஷம் சூடானதும் எமிட்டர் ரெசிஸ்டருக்குக் குறுக்கே அளங்க. 0.33 ஓமில் 10 மில்லிவோல்ட்னா 30 மில்லி ஆம்பியர். உங்க மாடலுக்கு எவ்வளவுன்னு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ப்ரீசெட்டை (பயாஸை ஏத்தி இறக்கும் குட்டித் திருகு கண்ட்ரோல்) திருப்புறதுக்கு முன்னாடி ஒண்ணு: பழைய ப்ரீசெட்டில் கரித்தடம் அரிச்சுப் போயிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் பட்டதும் நடுக்கால் தொடர்பு விட்டுடும், நிறைய சர்க்யூட்டில் அந்த நொடியே பயாஸ் உச்சத்துக்குப் போய் அவுட்புட் ஜோடி வெந்துடும். அதனால் ப்ரீசெட்டை முதலில் புதுசா மாத்திட்டு அப்புறம் செட் பண்ணுங்க.

உள்ளே கை வைக்குறதுக்கு முன்னாடி 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை ஃபில்டர் கண்டென்சரின் ரெண்டு முனையிலும் அஞ்சு, ஆறு செகண்ட் பிடிங்க. ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் பண்ற வீரம் வேண்டாம். 10,000 மைக்ரோஃபாரட், 40 வோல்ட்டில் 8 ஜூல் தேங்கியிருக்கு. முனை உருகும், தீப்பொறி கண்ணுக்கு வரும்.

ஏற்காடு, நாகலூர் பக்கம்: ஐயா, பனிமூட்டம் இறங்கினா செட்டில் கரகரப்பு. வெயில் வந்தா போயிடுது. ஒரு பக்கம் "ஷ்ஷ்... பட்பட்"னு தானா பொரியுது. கரண்டும் 190 வோல்ட்தான்.

இதில் மூணு வியாதி இருக்குங்க, தனித்தனியாப் பார்ப்போம்.

வெயிலில் போற கரகரப்பு, சுவிட்ச், கண்ட்ரோல் காண்டாக்டில் ஈரமும் துருவும். கரண்டை எடுத்துட்டு எலக்ட்ரானிக் காண்டாக்ட் கிளீனரைக் கண்ட்ரோலின் ஓட்டை வழியா ஒரு பீச்சு மட்டும் அடிச்சு, குமிழை முப்பது தடவை கடைசிவரை திருப்புங்க. கதவுக்கு அடிக்கிற துரு ஆயில் வேண்டாம். பிசுபிசுப்பு நின்னு புழுதியைப் பிடிச்சுக்கும்.

தானா பொரியுறது டிரான்சிஸ்டர். டோன் போர்டையும் ஃபோனோ (ரெக்கார்ட் பிளேயர் சிக்னலுக்கான) போர்டையும் லென்ஸ் வெச்சுப் பாருங்க. 2எஸ்சி458, 2எஸ்சி1345 மாதிரி ஹிட்டாச்சி டிரான்சிஸ்டர்களின் கால்கள் வெள்ளி பூசினவை. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசைப் போடாம வெச்சா எப்படிக் கறுக்குமோ அப்படியே கறுத்திருக்கும். அந்தக் கறுப்பு காலோடு ஏறி உடம்புக்குள்ள போய்ப் பொரிய வைக்கும். சுரண்டிப் பயனில்லை, மாத்தணும். மேலே சொன்ன என்பிஎன் வகைக்கு பதிலா கேஎஸ்சி1845, எதிர் வகையான பிஎன்பி 2எஸ்ஏ726க்கு கேஎஸ்ஏ992. கால் வரிசையை டேட்டா ஷீட்டில் சரிபார்த்துட்டு மாட்டுங்க. எந்த டிரான்சிஸ்டர்னு கண்டுபிடிக்க ஐஸ்கட்டி சுத்தின பாலிதீனை ஒவ்வொண்ணு மேலேயும் தொட்டுப் பார்த்தா போதும். பொரிச்சல் எங்கே மாறுதோ அதுதான்.

போர்டில் பெரிய கண்டென்சர் அடியில் பழுப்புப் பசை இருந்தா அதையும் கவனிங்க. ஆட்டம் தாங்க ஊத்தினது. வயசானா கருத்து, கரண்ட் கடத்தி, பக்கத்து டயோடு, ஜம்பர் கால்களை அரிக்கும். மரக்குச்சியால் சுரண்டி எடுங்க.

மூணாவது வோல்ட்டேஜ். பவர் சப்ளை சீர்ப்படுத்தப்படாத செட்டில் 230 வோல்ட் 190ஆ இறங்கினா பவர் மூணில் ரெண்டு பங்காயிடும். 50 வாட் செட்டு 34 வாட்டில் கிளிப் ஆகும், அதாவது சிக்னலின் உச்சி வெட்டுப்படும். அதுக்காக மலிவு ரிலே ஸ்டெபிலைசர் வாங்கினா ஒவ்வொரு படி மாறும்போதும் ஸ்பீக்கரில் "டப்". முடிஞ்சா சர்வோ (படிப்படியா இல்லாம மோட்டாரால் சீரா ஏத்தி இறக்குற ஸ்டெபிலைசர்) வாங்குங்க. சித்திரை இடிமழையில் பிளக்கையும் ஏரியல் வயரையும் கழட்டிடுங்க. அடைமழை மாசங்களில் தினம் அரைமணி செட்டை ஓட விடுங்க. உள்சூடுதான் அதுக்கு நல்ல காவல்.

ஃபேர்லேண்ட்ஸ்: அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் ரிசீவர். 230ஐ 120 ஆக்கினா போதுமா?

100, 110ஆ இறக்குங்க. இரும்புக் கருவுக்கு முக்கியம் வோல்ட்டுக்கும் ஹெர்ட்ஸுக்கும் உள்ள விகிதம். அங்கே 120க்கு 60, இங்கே 50 ஹெர்ட்ஸ் என்பதால் 100 வோல்ட் கொடுத்தாலே அதே விகிதம். 120 கொடுத்தா கரு நிறைஞ்சு டிரான்ஸ்ஃபார்மர் முணுமுணுக்கும், சூடேறும். பின்பக்கத் தகட்டில் 50/60னு போட்டிருந்தா 120 வோல்ட்டே கொடுக்கலாம். ஸ்டெப் டவுன் (230ஐ இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்), தகட்டில் இருக்கிற வாட்டைவிட ஒன்றரை மடங்கு விஏ இருக்கட்டும். வோல்ட்டேஜ் செலக்டர் இருக்கிற மாடல்னா 240க்குத் திருப்பிட்டு, மெயின் ஃப்யூஸையும் பாதி ஆம்பியருக்கு மாத்துங்க. எல்லாரும் மறக்கிறது இந்த ஃப்யூஸைத்தான்.

அஸ்தம்பட்டி: இடது சேனல் மெதுவா வெச்சா வராது. சத்தமா வெச்சா "டப்"னு வந்து அப்புறம் ஓடுது.

ஸ்பீக்கர் ரிலே காண்டாக்ட் கருகியிருக்கு. சத்தமா வைக்கும்போது வர்ற வோல்ட்டேஜ் அந்தக் கரியைத் துளைச்சுக்கிட்டுப் போகுது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, பூச்சு போயிடும். காயில் வோல்ட்டேஜ் (நிறைய செட்டில் 24 வோல்ட் டிசி), கால் அமைப்பு ரெண்டும் பொருந்துற புது ரிலே போடுங்க.

செவ்வாய்ப்பேட்டை: சிடி பிளேயர் மாட்டினா குமிழ் ஒன்பது மணி தாண்டும் முன்னாடியே அலறுது. ஆம்ப் பவர் ஜாஸ்தியா?

ஆம்ப் மேல தப்பில்லை. பழைய ஆக்ஸ் இன்புட்டின் சென்சிடிவிட்டி (முழு பவருக்குத் தேவையான சிக்னல்) 150 மில்லிவோல்ட், சிடி கொடுப்பது 2 வோல்ட். 22 டெசிபல் அதிகம். ஆர்சிஏ வயரில் சிக்னல் பாதையில் 10 கிலோ ஓம், அதுக்கப்புறம் கிரவுண்டுக்கு 3.3 கிலோ ஓம் போட்டா 12 டெசிபல் குறையும். ஃபோனோ சாக்கெட்டில் மட்டும் சிடியை மாட்டிடாதீங்க. அது 2.5 மில்லிவோல்ட் கேட்கிற இடம்.

அம்மாப்பேட்டை, வேறொருவர்: பக்கத்துல விசைத்தறி. செட்டில் எப்பவும் "ம்ம்ம்".

வால்யூமைப் பூஜ்யமாக்கியும் அதே அளவில் இருந்தா, முரட்டு 100 ஹெர்ட்ஸ் இரைச்சல்னா, தறி மேல பழி போடாதீங்க. ஃபில்டர் கண்டென்சர் காய்ஞ்சு போச்சு. அதே வோல்ட் அல்லது கூடுதல், 105 டிகிரி வகை, மைக்ரோஃபாரட் அதேயளவு, மிஞ்சினா 20 சதவீதம் கூட. வால்யூமோடு ஏறினா எர்த் லூப் (ரெண்டு வழியா எர்த் இணைஞ்சு உண்டாகிற சுற்று) அல்லது ஷீல்ட் விட்ட வயர். தறி மோட்டார் கிளம்பும்போது மட்டும் "டக்"னா, லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏசி எக்ஸ்2 கண்டென்சர் போடுங்க. வேற வகை கூடாது. இரைச்சல் குறையுதுன்னு எர்த் பின்னை வெட்டுறவங்க இருக்காங்க, அந்த வேலை மட்டும் வேண்டாம். நம்ம பக்கம் பாறைத் தரை, எர்த் குழி ஏற்கெனவே பலவீனம். கரியும் உப்பும் போட்டுத் தண்ணி ஊத்தி அதைச் சரி பண்ணுங்க.

மேட்டூர்: டேம்பிங் ஃபேக்டர் 50 நல்லதா, 200 நல்லதா?

டேம்பிங் ஃபேக்டர் என்பது ஸ்பீக்கரின் 8 ஓமை ஆம்பின் உள் ரெசிஸ்டன்ஸால் வகுத்த எண். 50ன்னா அந்த உள் ரெசிஸ்டன்ஸ் 0.16 ஓம். 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயரில் அஞ்சு மீட்டர் தூரம் போய் வந்தாலே 0.12 ஓம் சேரும். 200 உள்ள ஆம்ப் வாங்கி மெல்லிய மணி வயர் போட்டா காசு போச்சு. 2.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு வயர் போதும்.

சூரமங்கலம், இன்னொருவர்: போன அவுட்புட் டிரான்சிஸ்டருக்குக் கடையில் எம்ஜே15003 மலிவா கொடுக்கிறாங்க.

மலிவா கிடைக்கிறதே சந்தேகத்துக்குக் காரணம். ரெண்டு வாங்கினா ஒண்ணைப் பலி கொடுங்க: மூடியை அரம் போட்டு அறுத்துப் பாருங்க. உள்ளே சிலிக்கான் துண்டு கடுகளவு இருந்தா டூப். அசலில் உளுந்தைவிடப் பெருசா, தடித்த அடித்தகட்டில் ஒட்டியிருக்கும். எஸ்டிகே ஐசிக்கும் (பவர் ஆம்பை ஒரே கட்டியில் அடக்கினது) இதே கதி, புதுசுன்னு சொல்லி வர்றதில் போலி நிறைய. மாத்தும்போது ஜோடியா மாத்துங்க, எமிட்டர் ரெசிஸ்டரும் டிரைவரும் உயிரோட இருக்கான்னு அளங்க, டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்குக்கும் (சூட்டை வாங்கிக்கிற உலோகத் தகடு) நடுவில் வைக்கிற மைக்காவில் ரெண்டு பக்கமும் பேஸ்ட்டை மெல்லிசாத் தடவுங்க. முடுக்கினதும் கலெக்டருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் மீட்டர் வெச்சு ஷார்ட் இல்லைன்னு பார்த்துட்டு, மறுபடி சீரிஸ் லேம்பில் போடுங்க.