தாத்தாவின் நடை பேரனுக்கு வந்ததா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன், வயது 41. என் 15 வயது மகன் சமதரையிலேயே தடுக்கி விழுகிறான். அவனுடைய பாதம் நடுவில் வில்லாக வளைந்திருக்கிறது. கையில் எடுத்த நரம்பு டெஸ்ட்டில் வேகம் வினாடிக்கு 21 மீட்டர் என்று வந்திருக்கிறது. என் பாதமும் அப்படித்தான். திருப்பத்தூரில் இருந்த என் அப்பா கால்களை உயரத் தூக்கித்தான் நடப்பார். தம்பிக்கும் செருப்பு தானாகக் கழன்றுவிடும். நான் தாய்மாமனை மணந்தவள். அதனால் வந்த வினை என்கிறார்கள் உறவினர்கள். ஒரு மருத்துவர் மரபணுச் சோதனை செய்யச் சொல்கிறார். இன்னொருவர், மருந்தே இல்லாத நோய்க்குச் சோதனை எதற்கு என்கிறார். 9 வயது மகளுக்கும் செய்ய வேண்டுமா?

பதில்: முதலில் அந்தப் பழியை இறக்கி வையுங்கள். இது உங்கள் அப்பாவிடமிருந்து உங்களுக்கும் தம்பிக்கும், உங்களிடமிருந்து மகனுக்கும் வந்திருப்பதாகவே தெரிகிறது. உங்கள் அம்மாவின் உடன்பிறந்தவரான கணவருக்கு இதில் பங்கில்லை. சொந்தத்தில் மணப்பதால் வாய்ப்பு கூடும் நரம்பு நோய்கள் உண்டு என்றாலும், அவற்றில் பெரும்பாலும் பெற்றோர் இருவரும் நலமாக இருக்க, பிள்ளைகளிடம் மட்டுமே நோய் தென்படும். தம்பியைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. எக்ஸ் குரோமோசோம் வழியே வரும் வகையும் இந்நோயில் உண்டு. ஆனால் தந்தை மகனுக்குத் தருவது ஒய் குரோமோசோம் என்பதால், தம்பிக்கும் இதே நோய்தான் என்று உறுதியானால் அந்த வகை விலகிவிடும்.

நான் சந்தேகிப்பது சார்கோ-மேரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோய். 1886இல் பாரிஸில் சார்கோவும் பியர் மேரியும், இங்கிலாந்தில் டூத்தும் தனித்தனியே விவரித்ததால் வந்த பெயர் இது. பல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அறிக்கையிலுள்ள 21 என்ற எண்ணுக்குப் பொருள் வந்ததற்குப் பின்னால் ஒரு நரம்பியலாளரின் உழைப்பு இருக்கிறது. லண்டனைச் சேர்ந்த அனிதா ஹார்டிங், பி. கே. தாமஸுடன் சேர்ந்து 228 பேரை ஆராய்ந்து 1980இல் வெளியிட்ட கட்டுரையில், கையிலுள்ள மீடியன் நரம்பின் வேகத்துக்கு வினாடிக்கு 38 மீட்டர் என்ற எல்லைக்கோட்டை வகுத்தார். அதற்குக் கீழே இருந்தால் நரம்பைச் சுற்றியுள்ள மையலின் உறையில் கோளாறு. மேலே இருந்தால் உள்ளிழையில் கோளாறு. மரபணு எதுவென்று தெரியாத காலத்தில், குடும்பம் குடும்பமாகப் பரிசோதித்து வகுத்த கோடு அது. 1995இல், 42 வயதில் அவர் மறைந்தார். நாங்கள் இன்றும் அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்குகிறோம். உங்கள் மகனின் 21 கோட்டுக்கு வெகு கீழே இருப்பதால், பழுது உறையில்தான்.

உறை பழுதாகும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் காரணம் ஒன்றே என்று 1991இல் தெரியவந்தது. 17ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இரட்டித்துவிடுவதால், உறைப் புரதத்தைத் தரும் பிஎம்பி22 மரபணு இரண்டுக்குப் பதில் மூன்று பிரதிகளாக இருக்கிறது. அதைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான அமெரிக்க மரபியலாளர் ஜேம்ஸ் லப்ஸ்கிக்கே இந்நோய் உண்டு. ஆனால் அவருடைய காரணம் அந்த இரட்டிப்பன்று. தம் முழு மரபணுத் தொகுதியையும் வாசிக்கச் செய்து, எஸ்எச்3டிசி2 என்ற வேறொரு மரபணுவில் 2010இல்தான் விடை கண்டார்.

ஆகவே சோதனை தேவை என்பதே என் கருத்து, ஆனால் வரிசை முக்கியம். எடுத்த எடுப்பில் அதிக விலையுள்ள எக்சோம் சோதனைக்குப் போகாதீர்கள். அது எழுத்துப் பிழைகளைத் தேடும் சோதனை, ஒரு பக்கமே இருமுறை அச்சாகியிருப்பதைத் தவறவிடக்கூடும். பிரதிகளை எண்ணும் எம்.எல்.பி.ஏ. சோதனையை மகனுக்கு முதலில் செய்யுங்கள். நோயைக் குணமாக்கும் மருந்து இன்று இல்லை என்பது உண்மைதான். எலிகளில் நம்பிக்கையூட்டிய வைட்டமின் சி மனிதர்களில் பலன் தரவில்லை. குறைபாடு இல்லாமல் பி12 ஊசிகளைத் தொடர்ந்து போட்டுக்கொள்வதும் வீண் செலவு. ஆனால் நோயின் பெயர் உறுதியானால், வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து இவர்களுக்கு நரம்பைக் கடுமையாகப் பாதிக்கும் என்று மகனின் கோப்பில் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம். கணுக்கால் தாங்கியும் இயன்முறைப் பயிற்சியும் காலத்தோடு தொடங்கலாம். இந்த வகையில் ஆயுள் பொதுவாகக் குறைவதில்லை.

மகளுக்கு இப்போது மரபணுச் சோதனை வேண்டாம். வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றாலும், அறிகுறி இல்லாத குழந்தைக்கு அந்த விடையால் இன்று ஆகப்போவது ஒன்றுமில்லை. பதினெட்டு வயதில் அவளே முடிவு செய்யட்டும். ஆண்டுக்கொரு முறை குதிகாலால் நடக்கச் சொல்லிப் பார்த்தால் போதும்.

ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் நரம்பியல் மருத்துவமனைக்குப் போகும்போது தம்பியையும் அழைத்துச் செல்லுங்கள். மூவரும் புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு போக வேண்டாம். முன்பாதம் தரையில் உரசி முன்நுனி தேய்ந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க விரும்புவார்.