பழைய வீடியோ கேம் வாங்கி விற்கும் கடை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் பல ஆண்டுகள் வேலை பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. இப்போது காந்திபுரம் பகுதியில் சிறியதாக ஒரு கடை பிடித்து, பழைய பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கேம்களை வாங்கி விற்கவும், பழையதைக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் வசதி தரவும் எண்ணியிருக்கிறேன். என்ன விலைக்கு வாங்கினால் கட்டுப்படியாகும்? எதில் ஏமாற வாய்ப்பு உண்டு?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இந்தத் தொழிலின் லாபமும் நட்டமும் நீங்கள் சரக்கை வாங்கும் நேரத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. புதிய கேம்களை விநியோகஸ்தரிடம் எடுத்து விற்பவருக்குக் கிடைக்கும் கழிவு மிகக் குறைவு. பழைய சரக்கிலோ வாங்கும் விலையை நிர்ணயிப்பவர் நீங்களே. அமெரிக்காவின் கேம்ஸ்டாப் நிறுவனம் கொடிகட்டிப் பறந்த ஆண்டுகளில், புதிய கேம் விற்பனையில் அதற்குக் கிடைத்த மொத்த லாபம் நூற்றுக்கு இருபத்தைந்துக்கும் குறைவாக இருந்தபோது, பழைய சரக்கில் நாற்பதுக்கும் மேலாக இருந்தது. அந்த நிறுவனம் நாடெங்கும் கடை விரித்ததற்கு இந்த வித்தியாசம் ஒரு முக்கியக் காரணம்.

எடுத்துக்காட்டாக, புதியதாக 4,999 ரூபாய்க்கு விற்கும் பிளேஸ்டேஷன் 5 கேம் ஒன்று, வெளியான சில மாதங்களில் உங்கள் கடையில் 2,900 ரூபாய்க்கு விலைபோகும் என்று வைத்துக்கொள்வோம். அதை ரொக்கமாக 2,000 ரூபாய்க்கும், கடையிலேயே வேறு சரக்கு எடுப்பவருக்கு 2,300 அல்லது 2,400 ரூபாய் வரவாகவும் எடுக்கலாம். வரவாகக் கொடுக்கும்போது கல்லாவிலிருந்து பணம் வெளியே போகாது என்பதோடு, அந்தத் தொகைக்கு வாடிக்கையாளர் எடுத்துச்செல்லும் சரக்கிலும் உங்களுக்கு லாபம் இருப்பதால், கூடுதலாகத் தரும் முந்நூறு, நானூறு ரூபாய் உங்களைக் கடிக்காது. ஆனால் அந்த வரவுச் சீட்டு ஒரு மாதத்தில் காலாவதியாகும் என்பதுபோன்ற நிபந்தனை போடாதீர்கள். பிடித்த கேம் வரும்வரை காத்திருப்பவர்தான் உங்கள் நிரந்தர வாடிக்கையாளர். அவருடைய பணத்தை விழுங்கிவிட்டு அவரை மறுபடியும் எதிர்பார்க்க முடியாது.

எல்லாக் கேம்களையும் ஒரே விகிதத்தில் எடுப்பதுதான் புதிதாகக் கடை திறப்பவர்களின் முதலை முடக்குகிறது. கால்பந்து கேம்கள் ஆண்டுதோறும் செப்டம்பர் மாத வாக்கில் புதிய பதிப்பாக வருகின்றன; புதியது வந்த அன்றே பழைய பதிப்பின் விலை சரிந்துவிடும். ஆகவே ஜூன் மாதத்திலிருந்தே அவற்றை எடுக்கும் விலையைக் குறைத்துக்கொண்டே வந்து, ஆகஸ்டுக்குள் கையிருப்பைத் தீர்த்துவிட வேண்டும். கதை சார்ந்த கேம்கள் மெதுவாகவே விலை இறங்கும். 2013-இல் வெளிவந்த ஜி.டி.ஏ. 5-ஐ இன்றும் கேட்டு வருகிறார்கள். நின்டெண்டோ ஸ்விட்ச்சின் மரியோ கார்ட் 8 டீலக்ஸ் 2017-இல் வந்தது. அதற்கும் விலை பெரிதாக இறங்கவில்லை. இணையத்தில் மட்டுமே விளையாடக்கூடிய கேம்களிடம் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். யுபிசாஃப்டின் தி க்ரூ என்ற கார்ப் பந்தயக் கேமின் சர்வர்கள் 2024 மார்ச் 31-இல் நிறுத்தப்பட்டன. சோனியின் கான்கார்ட் 2024 ஆகஸ்டில் வெளியாகி, இரண்டே வாரங்களில் திரும்பப் பெறப்பட்டது. இவற்றின் தட்டுகளில் கீறல் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் அவற்றால் இனி எந்தப் பயனும் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் கூடுதல் உள்ளடக்கக் குறியீட்டுச் சீட்டையும் கணக்கில் சேர்க்காதீர்கள். அது ஒருமுறைதான் செல்லும், பெரும்பாலும் முதல் உரிமையாளர் பயன்படுத்தியிருப்பார்.

அடுத்தது சோதனை. தட்டின் அடிப்புறத்தைக் குழல்விளக்குக்குச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடும் கீறல் அவ்வளவு கெடுதல் செய்யாது. வட்டமாக, தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறல்தான் படிப்பதை நிறுத்தும். நடுத்துளையைச் சுற்றி மயிரிழைபோல் விரிசல் இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு கன்சோலில் போட்டுப் பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். பிளேஸ்டேஷன் 4, 5 ஆகியவை தட்டிலுள்ள கோப்புகளைத் தம்முடைய சேமிப்பகத்துக்கு நகலெடுத்துக்கொள்கின்றன. பல கேம்கள் நகலெடுப்பு முடியும் முன்பே தொடங்கிவிடும். முதல் காட்சி ஓடியதைப் பார்த்துப் பணம் கொடுத்துவிட்டால், கடைசிப் பகுதியில் இருக்கும் பழுது வாங்கிச் செல்பவரின் வீட்டில்தான் தெரியவரும். சோதனைக் கன்சோலில் அந்தக் கேமின் பழைய நகல் இருந்தால் அதை நீக்கிவிட்டு, புதிதாக நகலெடுப்பது முழுமையாக முடியும்வரை காத்திருங்கள். 50 ஜிபி தட்டு ஒன்றுக்கு பிளேஸ்டேஷன் 4-இல் குறைந்தது அரை மணி நேரம் ஆகும். விற்க வந்தவரிடம் இதை முன்கூட்டியே சொல்லி, அவசரமாகச் செல்ல வேண்டியவருக்கு ஒரு பகுதித் தொகையைக் கொடுத்துச் சீட்டு எழுதிக்கொள்ளலாம்.

கன்சோல் வாங்கும்போது, பின்புறத்தில் அச்சிட்ட வரிசை எண்ணும் அமைப்புகள் பக்கத்தில் காட்டும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். இணையத்தில் இணைத்து ஒரு கணக்கில் உள்ளே நுழையுங்கள். தயாரிப்பு நிறுவனம் தன் இணையச் சேவையிலிருந்து தடை செய்த கன்சோல் தட்டை நன்றாகவே ஓட்டிக் காட்டும், இணையத்தில்தான் குட்டு வெளிப்படும். விற்பவரே தம் கணக்கை நீக்கி, தொழிற்சாலை நிலைக்கு உங்கள் கண்முன் மீட்டமைக்கட்டும். எச்.டி.எம்.ஐ. இணைப்புத் துளை தளர்ந்திருப்பதும், கன்ட்ரோலரின் குச்சியைத் தொடாமலே பாத்திரம் ஒருபக்கமாக நகர்வதும் அடிக்கடி வரும் பழுதுகள். கைப்பேசி வேலை தெரிந்த உங்களுக்கு இவை இரண்டையும் சரிசெய்யக் கை வரும். மற்றவர்கள் வேண்டாமென்று ஒதுக்கும் சரக்கை நீங்கள் எடுக்கலாம்.

திருட்டுச் சரக்கு உள்ளே வராமல் காப்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். திருடப்பட்டது என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ ஒரு பொருளை வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறைத்தண்டனை கிடைக்கக்கூடும். நாள், பொருள், வரிசை எண், விலை, விற்பவரின் பெயர், முகவரி, கையொப்பம் ஆகியவற்றைக் கொண்ட கொள்முதல் பதிவேட்டை முதல்நாளிலிருந்தே வைத்திருங்கள். அடையாளத்துக்கு முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரே போதும். பில்லும் இல்லாமல், பெட்டியும் இல்லாமல், கேட்ட விலைக்குத் தலையாட்டும் ஆளிடம் வாங்காமல் விட்டதற்காக நீங்கள் ஒருநாளும் வருந்த மாட்டீர்கள்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன், அவன் அப்பா வாங்கி வைத்திருந்த பிளேஸ்டேஷனையும் சில கேம்களையும் எங்களுக்குத் தெரியாமல் ஒரு கடையில் விற்றுவிட்டான். கடைக்காரரோ, பணம் கொடுத்து வாங்கியாயிற்று, திருப்பித் தர முடியாது என்கிறார். நாங்கள் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி

பதில்: அம்மா, நீங்கள் கவலைப்படுவது நியாயம், ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி பதினெட்டு வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று, ஆங்கிலேயர் காலத்தில் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் 1903-இல் தீர்ப்பளித்தது. இன்றும் அந்த நிலைப்பாடே தொடர்கிறது. மேலும், அந்தப் பொருள் உங்கள் கணவருடையது. உரிமையாளர் அல்லாத ஒருவர் அவருடைய அனுமதியின்றி விற்றால், வாங்குபவருக்கு அதன்மீது முழு உரிமை கிடைப்பதில்லை என்று 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு கூறுகிறது.

வாங்கியபோது கொடுத்த பில், பெட்டியிலுள்ள வரிசை எண், மகனின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு கணவருடன் நேரில் சென்று பேசுங்கள். மகன் பெற்ற தொகையை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவதாக முதலிலேயே சொல்லுங்கள். கடைக்காரரும் கைப்பணம் போட்டவர்தான், அதைத் திருப்பித் தருவதே நேர்மை. பெரும்பாலும் அங்கேயே பிரச்சினை தீர்ந்துவிடும். பொருள் வேறொருவருக்குக் கைமாறுவதற்குள் பேச வேண்டும் என்பதால் நாள் கடத்தாதீர்கள். அப்போதும் அவர் மறுத்தால், எழுத்து மூலம் அறிவிப்பு கொடுத்துவிட்டுக் காவல் நிலையத்தை அணுகலாம். பையனை அந்தக் கடைக்கு முன்னால் நிறுத்தி வைத்துத் திட்ட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எதற்காகப் பணம் தேவைப்பட்டது என்று வீட்டில் வைத்துக் கேளுங்கள்.

கடை நடத்துபவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஜப்பானில் பழைய பொருள் வாங்கி விற்க 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற வேண்டும். பத்தாயிரம் யென்னுக்குக் குறைவான பொருள்களை வாங்கும்போது விற்பவரின் அடையாளத்தைச் சரிபார்க்கத் தேவையில்லை என்று அங்கே ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் கேம், புத்தகம், சி.டி. போன்ற சிலவற்றுக்கு அந்த விலக்கு பொருந்தாது. எளிதில் திருடி எளிதில் விற்கக்கூடியவை என்பதே காரணம். நம் ஊரில் அப்படியொரு விதி இல்லாவிட்டாலும், பெற்றோர் உடன் வராத சிறுவர்களிடம் எதையும் வாங்குவதில்லை என்று கடை வாசலில் எழுதி மாட்டுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

கேள்வி: கீறல் விழுந்த தட்டுகளைப் பாலிஷ் செய்யும் இயந்திரம் வாங்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ் 360 காலத்துச் சரக்கு நிறைய வருமானால் வாங்கலாம், மற்றபடி வேண்டாம். டிவிடியில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பதால், மேலே சிறிது தேய்த்தாலும் அது பாதிக்கப்படுவதில்லை. பிளேஸ்டேஷன் 3 முதல் வரும் புளூ-ரே தட்டுகளில் அந்த ஆழம் வெறும் 0.1 மில்லிமீட்டர், அதன்மேல் கடினப் பூச்சு ஒன்றும் உண்டு. தேய்த்தால் பூச்சு போய்விடும், சில நேரம் தட்டே போய்விடும். அவற்றை மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய கேமை விற்கும்போது முழு விலைக்கும் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டுமா? எக்ஸ்சேஞ்சில் எப்படிக் கணக்கிடுவது?
– வாசகர், சேலம்

பதில்: பழைய பொருளுக்கு மத்திய ஜி.எஸ்.டி. விதிகளில் 32(5) என்ற விதி இருக்கிறது. வாங்கியபோது உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை) எடுக்காமல், பொருளின் தன்மையை மாற்றாமல் விற்றால், விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும். 2,000 ரூபாய்க்கு வாங்கி, வரி உட்பட 2,900 ரூபாய்க்கு விற்றால், 900 ரூபாய்க்குள் அடங்கிய 18 சதவீத வரி ஏறத்தாழ 137 ரூபாய்தான். முழு விலைக்கும் கணக்கிட்டால் அது 442 ரூபாய் ஆகியிருக்கும். நட்டத்துக்கு விற்றால் அந்தப் பொருளுக்கு வரி இல்லை. இந்தச் சலுகைக்கு அடிப்படை உங்கள் கொள்முதல் பதிவேடு என்பதால், அதைத் திருட்டுச் சரக்குக்கான பாதுகாப்பாக மட்டும் நினைக்காதீர்கள்.

எக்ஸ்சேஞ்சில் பலர் தவறு செய்வது புதிய கேம் விஷயத்தில்தான். 4,999 ரூபாய் விலையுள்ள புதிய கேமுக்கு, பழையதை 2,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு மீதி 2,999 ரூபாய் வாங்கினால், வரி 2,999-க்கு அல்ல, 4,999-க்குத்தான். விதி 27-இன் எடுத்துக்காட்டே இப்படிப்பட்ட கைப்பேசி மாற்று விற்பனையைத்தான் விளக்குகிறது. பழையதை வாங்கியதற்கு ஒரு சீட்டும் புதியதை விற்றதற்கு ஒரு பில்லுமாகத் தனித்தனியே எழுதிவிடுங்கள்.

கேள்வி: எல்லாமே பதிவிறக்கமாகிவிட்டால் இந்தத் தொழில் நிலைக்குமா?
– வாசகர், சென்னை

பதில்: சுருங்கும், அதை மறைத்துப் பேச விரும்பவில்லை. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸிலும் பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் பதிப்பிலும் தட்டு போடும் இடமே இல்லாமல் வருகிறது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-இன் பல கேம்கள் சாவி அட்டையாக மட்டுமே கிடைக்கின்றன. அந்த அட்டைக்குள் கேம் இருக்காது, அது முழுவதையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். ஆயினும் அந்த அட்டையை வேறொருவர் தம் கன்சோலில் போட்டு விளையாட முடிகிறது, ஆகவே அதற்கு மறுவிற்பனை மதிப்பு இருக்கிறது.

வாங்கிய கேமை மறுபடியும் விற்கும் இந்த உரிமை தானாகக் கிடைத்ததில்லை. பழைய கேம் விற்பனையைத் தடுக்க ஜப்பானின் பெரிய கேம் நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், முதல் விற்பனையோடு அவற்றின் விநியோக உரிமை முடிந்துவிடுகிறது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2002 ஏப்ரல் 25-இல் தீர்ப்பளித்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் பழைய தட்டுகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவர மைக்ரோசாஃப்ட் 2013-இல் முயன்றபோது, விளையாடுபவர்கள் காட்டிய எதிர்ப்பால் அதே ஆண்டு ஜூன் மாதத்திலேயே அதைக் கைவிட்டது. புதிய கேமின் விலை ஐயாயிரத்தைத் தொட்டு நிற்கும் நாட்டில், விளையாடி முடித்ததை விற்று அடுத்ததை வாங்கும் மாணவருக்கு உங்கள் கடையைவிட்டால் வழியில்லை. நீண்ட வாடகை ஒப்பந்தம் மட்டும் போடாதீர்கள். சரக்கைத் தட்டோடு நிறுத்தாமல் கன்ட்ரோலர் பழுதுபார்ப்பு, கன்சோல் சுத்தம் செய்தல், பழங்காலக் கார்ட்ரிட்ஜ்கள் என்று இப்போதே விரித்துக்கொள்ளுங்கள்.