வேனுக்குள் வெந்நீர்: தொட்டி வேண்டுமா, வேண்டாமா?

கேள்வி: நாங்கள் தாப்பா அருகே தோட்டக் குடியிருப்பில் வசிக்கிறோம். என் கணவர் பழைய வேன் ஒன்றை வாங்கி, அதில் படுக்கை, அடுப்பு, 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தியிருக்கிறார். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் இருவரையும் என் மாமியாரையும் அழைத்துக்கொண்டு கேமரன் மலையில் சில நாள் தங்க எண்ணம். மாமியாருக்குக் குளிர்ந்த நீர் ஆகாது. ஓடும் நீரை அப்போதைக்கப்போது சுடவைக்கும் தொட்டியில்லாத கேஸ் ஹீட்டர் வைத்தால் வெந்நீர் தீரவே தீராது, கேஸும் மிச்சமாகும் என்கிறார் கடைக்காரர். நீரைத் தேக்கிச் சுடவைக்கும் தொட்டி உள்ளதே நல்லது என்கிறார் கணவரின் நண்பர். எதை வாங்குவது, ஐயா?
– ஒரு வாசகி, தாப்பா

பதில்: வெந்நீர் தீராது என்று கடைக்காரர் சொன்னது வீட்டுக்குப் பொருந்தும், சகோதரி. அங்கே குழாயின் மறுமுனையில் ஓர் அணைக்கட்டே இருக்கிறது. உங்கள் வேனிலோ மறுமுனையில் இருப்பது 60 லிட்டர்தான். நிமிடத்துக்கு 4 லிட்டர் என்று சிக்கனமாகத் திறந்தாலும் கால் மணி நேரத்தில் தொட்டி காலியாகிவிடும். சமைக்கவும் பாத்திரம் கழுவவும் 20 லிட்டரை ஒதுக்கிவிட்டால், உங்கள் ஐந்து பேருக்கும் ஆளுக்கு 8 லிட்டர், அதாவது இரண்டு நிமிடக் குளியல்தான் மிஞ்சும். ஆகவே, எந்த ஹீட்டர் அதிகம் சுடவைக்கும் என்று பார்ப்பதைவிட, எது தண்ணீரைக் குறைவாக வீணாக்கும் என்று பார்த்து வாங்குவதே உங்களுக்கு நல்லது.

அப்படிப் பார்க்கும்போது தொட்டியில்லாத ஹீட்டர் எனக்கு அவ்வளவு திருப்தி தரவில்லை. சென்ற ஆண்டு நண்பர் ஒருவரின் வேனில் அதை நானே பயன்படுத்திப் பார்த்தேன். குழாயைத் திறந்ததும் உள்ளே டிக் டிக் என்று பொறி தட்டி, சுடர் பற்றி, வெந்நீர் கைக்கு வருவதற்குள் ஒரு பெரிய குவளைத் தண்ணீர் தரையில் ஓடிவிட்டது. தண்ணீரை மிச்சப்படுத்தலாம் என்று குழாயை மூடிவிட்டு முகத்துக்குச் சோப்பு போட்டுக்கொண்டு மறுபடி திறந்தால், முதலில் குழாய்க்குள் தங்கியிருந்த சூடான நீரும், அதன் பின்னால் சுடர் மறுபடி பற்றுவதற்குள் நழுவி வந்த பச்சைத் தண்ணீரும், அதற்குப் பிறகே சரியான வெந்நீரும் வந்தன. கண்ணை மூடிக்கொண்டு நிற்பவருக்கு அந்தப் பத்து விநாடி நீண்ட நேரம். வயதான உங்கள் மாமியார் திடுக்கிட்டு வழுக்கிவிடக் கூடாது. இத்தகைய ஹீட்டர்களில் பல, நிமிடத்துக்கு இரண்டு இரண்டரை லிட்டராவது ஓடினால்தான் பற்றும் என்பதால், தண்ணீரை மெல்லிய இழையாக விட்டுக் குளிக்கவும் வழியில்லை.

கேஸ் மிச்சம் என்பது பாதி உண்மை. 20 லிட்டர் தண்ணீரை 20 பாகை சூடாக்குவதற்கு ஏறக்குறைய 50 கிராம் கேஸ் செலவாகும். அதை ஓடும் நீராகச் சுடவைத்தாலும் தொட்டியில் தேக்கிச் சுடவைத்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. தொட்டியில் வீணாவது, சுடவைத்த பின் பயன்படுத்தாமல் ஆறிப்போகும் சூடு மட்டுமே. வீட்டில் இரவு பகலாக ஹீட்டரைப் போட்டு வைத்தால் அது பெரிய நட்டம். குளிக்கப்போகும் வேளையில் மட்டும் போடுகிற வேனில் அது சில்லறைக் காசு.

இடமும் எடையும் தொட்டியில்லாததன் உண்மையான ஆதாயங்கள். சிறிய பெட்டி அளவுக்கு அது அடங்கிவிடுகிறது. தொட்டி என்றால் 10 லிட்டர் நீரின் 10 கிலோவையும் எப்போதும் சுமக்க வேண்டும். தொட்டியில்லாததில் காத்திருக்கவும் வேண்டியதில்லை. 10 லிட்டர்த் தொட்டியை ஒன்றரைக் கிலோவாட் சூட்டில் 60 பாகைக்குக் கொண்டுவர இருபது நிமிடம் ஆகும்; மலையில் அதைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் 20 லிட்டர் இளஞ்சூட்டு நீர் கிடைக்கும். ஐந்து பேருக்கு இரண்டு முறை சுடவைக்க வேண்டியிருக்கும் என்பது தொட்டியின் குறைதான். ஆனால் நம் பாட்டிமார் லயத்து வாசலில் ரப்பர் விறகு எரித்து, அண்டாவில் கொதித்த நீரை இரண்டு சொம்பு வாளியில் கலந்து ஒரு குடும்பத்தையே குளிப்பாட்டியதும் இதே கணக்கில்தான்.

இன்னொரு சங்கதியைக் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். தாப்பாவில் குழாய்த் தண்ணீர் ஏற்கெனவே 28 பாகை அளவில் இருக்கும். சிறிய கேஸ் ஹீட்டரின் சுடரை எவ்வளவு குறைத்தாலும் 4 கிலோவாட்டுக்குக் கீழே இறங்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடும் நீர் அதில் 19 பாகை ஏறி 47 பாகையில் வெளிவரும். பிள்ளைகளின் தோல் அதைத் தாங்காது. மலையில் பொருத்தமாக இருக்கும் கருவி சமவெளியில் தொல்லையாகிவிடுகிறது.

இவை எல்லாவற்றையும்விட என்னை அஞ்சவைப்பது சுடர் சுவாசிக்கும் காற்று. ஒரு கிலோ கேஸ் எரிவதற்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கன மீட்டர் காற்று வேண்டும். சாதாரண வேனின் உள்ளிடமே 10 கன மீட்டரைத் தாண்டுவது அரிது. குளிருக்குக் கதவையும் கண்ணாடியையும் அடைத்துக்கொண்டு நீங்கள் ஐந்து பேரும் குளித்து முடிப்பதற்குள், உள்ளே இருந்த காற்றில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கைச் சுடர் தின்றிருக்கும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; தலைவலி, மயக்கம் என்று தொடங்கித் தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும், கைப்பிடி வைத்த ஹீட்டர்கள் வெளியிடத்துக்கென்றே செய்யப்பட்டவை; அவற்றை வேனுக்குள் ஆணியடித்து மாட்டவே கூடாது. உள்ளே பொருத்துவதாக இருந்தால், காற்றை வெளியிலிருந்தே இழுத்துப் புகையையும் வெளியிலேயே விடுகிற, மூடிய அறை கொண்ட வகையைத் தேர்ந்த ஆளைக்கொண்டு பொருத்த வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் படியும் என்பதால், கேஸ் தோம்பு (சிலிண்டர்) வைக்கும் அறையின் அடித்தளத்தில் வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றும் படுக்கையருகே இருக்கட்டும். வேனின் உடலில் துளையிடுவதற்கு முன்பு சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு: இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டையே வாங்கிக்கொள்ளும் சுருள்குழாய் உள்ள 10 லிட்டர்த் தொட்டி. தாப்பாவிலிருந்து கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறுவதற்குள், இன்ஜின் வீணே காற்றில் விடுகிற சூட்டில் உங்கள் தண்ணீர் காய்ந்திருக்கும். போய்ச் சேர்ந்ததும் மாமியார் முதலில் குளிக்கட்டும்.

கேள்வி: வீட்டிலிருந்து கழற்றிய மின்சார ஹீட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை வேன் பேட்டரியில் இன்வெர்ட்டர் வைத்து ஓட்டலாமா?
– ஒரு வாசகர், பீடோர்

பதில்: வேண்டாம். அது 3.5 கிலோவாட் அளவிலான கருவி. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 300 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் உள்ள மொத்தச் சக்தியே 1.28 கிலோவாட்-மணிதான், பத்து நிமிடக் குளியலில் பாதி போய்விடும், அதுவும் பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று அவ்வளவு ஆம்பியரை விட்டுக்கொடுத்தால். தங்குமிடத்தில் கிடைக்கும் 13 ஆம்பியர் பிளக்கும் 3.1 கிலோவாட்டுக்கு மேல் தாங்காது. நீட்டிப்புக் கம்பி சூடேறி உருகும். ஈரமான இடத்தில் 10 மில்லியாம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வேண்டும் என்பது நம் நாட்டு விதி. தரையோடு இணைப்பில்லாத வேனில் அந்தக் கருவி தன் வேலையைச் சரியாகச் செய்யும் என்று நம்பவும் முடியாது. பிளக் கிடைக்கும் இடங்களில் மட்டுமே தங்குவீர்கள் என்றால், ஒரு கிலோவாட் கம்பிச்சுருள் உள்ள சிறிய தொட்டி போதும்.

கேள்வி: இரவில் ஹீட்டரில் உள்ள நீரை வடிக்காவிட்டால் உறைந்து குழாய் வெடிக்கும் என்று வெளிநாட்டினர் எழுதுகிறார்கள். கேமரனிலும் அப்படியா?
– ஒரு வாசகர், சுங்காய்

பதில்: அது பனி பெய்யும் நாடுகளின் கவலை. தானா ராத்தா 1,440 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் அங்கே தண்ணீர் உறைவதில்லை. ஆனால் அந்த உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு என்பதால், கேஸ் சுடர் சற்றுச் சோர்ந்து எரியலாம். நீலமாக இருக்க வேண்டிய சுடர் மஞ்சளாக மாறினால் உடனே அணைத்துவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். விடுமுறை முடிந்து வேன் வாரக்கணக்கில் கொட்டகையில் நிற்கப்போகிறது என்றால் மட்டும் தண்ணீரை முழுவதும் வடித்து, வடிகுழாயின் திருகைத் திறந்தே வையுங்கள்; தேங்கிய நீர் நாற்றமெடுக்கும்.